மூக்கு வாசலில் எடுத்தது சைனஸ் சளி அல்ல

போன வாரம் தையற்கடை நடத்தும் ஒரு அம்மா தடிமனான ஃபைலோடு வந்தார். ஒன்றரை வருடத்தில் நான்கு சளிக் கல்ச்சர், அதாவது சளியில் என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்கும் சோதனை. நான்கிலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா, நான்கு தடவை ஆன்டிபயாடிக். மூக்கடைப்பு மட்டும் அப்படியே. "சாம்பார் அடிப்பிடிச்சாக்கூட வாசனை தெரியல சார்" என்றார்.

சளியை எங்கே எடுத்தார்கள்? மூக்குத் துவாரத்தில் பஞ்சுக்குச்சியை விட்டு ஒரு சுற்று. சரி, அங்கே வேறென்ன முளைக்கும்? எந்த நோயும் இல்லாத நூறு பேருக்கு அப்படி எடுத்தாலும் இருபது முப்பது பேருக்கு அந்தக் கிருமி வரும். அது அங்கேயே குடியிருப்பது. வாசலில் கிடக்கும் செருப்பை வைத்து உள்ளே படுத்திருப்பவருக்கு என்ன காய்ச்சல் என்று சொல்வீர்களா?

சைனஸ்கள், அதாவது மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறைகள், வந்து வடியும் இடம் உள்ளே இருக்கிறது. எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயை மூக்குக்குள் விட்டுப் பார்த்தபடி, வாசலைத் தொடாமல் அங்கிருந்து உறிஞ்சி எடுக்க வேண்டும். ஆராய்ச்சிக்காரர்கள் அங்கே சின்ன ஸ்பாஞ்சைச் சில நிமிடம் வைத்து, அது குடித்த நீரில் இன்டர்லூக்கின் 5 போன்ற அழற்சிப் புரதங்களை அளக்கிறார்கள்.

அந்த அம்மாவுக்கு அப்படி எடுத்தபோது வந்தது பசை. பாடப்புத்தகம் பீநட் பட்டர் என்று சொல்லும். எனக்கு முற்றிய வெல்லப்பாகுதான் ஞாபகம் வரும். மைக்ராஸ்கோப்பில் அலர்ஜியில் கூடும் ஈசினோஃபில் வெள்ளணுக்களின் கூட்டம், அவற்றிலிருந்து உண்டாகும் சார்கோ-லேடன் படிகங்கள், நடுவே பூஞ்சை இழைகள். அலர்ஜியால் வரும் பூஞ்சை சைனஸ். "கருப்புப் பூஞ்சையா?" என்று மகன் பதறினார். இல்லை தம்பி, அது வேறு. இது திசுவுக்குள் ஊடுருவாது. ஆனால் ஆபரேஷனில் சுத்தம் செய்து, ஸ்டீராய்டும் கொடுக்க வேண்டும். ஆன்டிபயாடிக்குக்கு இதில் பெரிய வேலையில்லை.

அப்புறம் அந்தப் பச்சை நிறம். "சளி பச்சையா வருது, ஆன்டிபயாடிக் எழுதுங்க" என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். பச்சை, பாக்டீரியாவின் நிறம் இல்லை. நம் வெள்ளணுக்களில் இருக்கும் ஒரு நொதியின் நிறம். சாதாரண வைரஸ் ஜலதோஷத்திலும் மூன்றாம் நாள், நான்காம் நாள் பச்சையாகும், தானே போகும். நிறத்தை மட்டும் வைத்து மருந்து எழுத முடியாது. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே வாங்காதீர்கள், ப்ளீஸ்.

பத்து நாள் தாண்டியும் குறையவில்லை, குறைந்தது மறுபடி கூடுகிறது என்றால் வாருங்கள். கண் வீங்கினால், பார்வை மங்கினால் அன்றைக்கே. குனியும்போது ஒரே பக்கம் தண்ணீர் போலச் சொட்டினால் அதை ஜலதோஷம் என்று துடைத்துப் போடாதீர்கள். மூளைத் தண்டுவட நீராக இருக்கலாம். சுத்தமான குப்பியில் பிடித்து வாருங்கள், அந்த நீரை அடையாளம் காட்டும் பீட்டா 2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

பன்னிரண்டு வாரமாக மூக்கு அடைத்திருக்கிறதா? அடுத்த கல்ச்சருக்குச் சீட்டு எழுதுபவரிடம், ஸ்கோப் போட்டு எடுப்பீர்களா என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் பரவாயில்லை.