பழைய ஜியானா, புது லேப்டாப்பா? கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என் வேலை. அடிக்கடி வரும் கேள்வி இது: "பழைய வொர்க்ஸ்டேஷன் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. இரண்டு ஜியான் ப்ராசசர், மொத்தம் 20 கோர். புது லேப்டாப் வாங்கினால் 8 கோர்தான். எதை வாங்கட்டும்?" வொர்க்ஸ்டேஷன் என்பது கனமான வேலைக்கான மேசைக் கம்ப்யூட்டர். ஜியான் என்பது அதற்கும் சர்வருக்கும் இன்டெல் செய்யும் ப்ராசசர். கோர் என்பது ப்ராசசருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி. கேட்பவர் பெரும்பாலும் மனதுக்குள் முடிவெடுத்துவிட்டுத்தான் கேட்கிறார். 20 பெரியதா, 8 பெரியதா என்பதோடு அவர் கணக்கு முடிந்துவிடுகிறது.

பொதுவாகப் பேசினால் இது விளங்காது. பத்து வருட இடைவெளியில் வந்த இரண்டு ப்ராசசர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 2013-இல் வந்த இன்டெல் ஜியான் இ5-2690 வி2: 10 கோர், 20 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை), அடிப்படை வேகம் 3 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 3.6. வெப்ப அளவு (கனமான வேலையில் எடுக்கும் மின்சாரத்தின் தோராயம்) 130 வாட். அந்தக் காலத்தில் இது பெரும்பாலும் நிறுவனங்கள் வாங்கிய சரக்கு. இன்னொன்று 2023-இல் வந்த ஏஎம்டி ரைசன் 7 7840யூ: 8 கோர், 16 திரெட், உச்சம் 5.1 கிகாஹெர்ட்ஸ், வெப்ப அளவு வழக்கமாக 28 வாட். மெலிதான லேப்டாப்புக்காகச் செய்தது.

கிகாஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடிக்கு எத்தனை துடிப்பு என்று மட்டும்தான் சொல்லும். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது ப்ராசசரின் உள்ளமைப்பைப் பொறுத்தது. ஏஎம்டி தன் ஜென் 3 வடிவமைப்பு முந்தையதைவிட ஒரு துடிப்புக்கு 19 சதவீதம் கூடுதலாகச் செய்கிறது என்றது. அதற்கடுத்த ஜென் 4-க்கு (நம் ரைசனில் இருப்பது இதுதான்) இன்னும் 13 சதவீதம் என்றது. இந்த இரண்டு படிகளை மட்டும் பெருக்கினாலே சுமார் 34 சதவீதம் வந்துவிடுகிறது. துடிப்பு எண்ணிக்கையும் கூடி, ஒவ்வொரு துடிப்பின் வேலையும் கூடியதால், பொதுச் சோதனைகளில் இந்த லேப்டாப் ப்ராசசரின் ஒரு கோர் அந்த ஜியானின் ஒரு கோரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். எல்லாக் கோரையும் சேர்த்து ஓட்டினாலும் ஒற்றை ஜியான் தோற்றுவிடும். இரண்டு ஜியான் சேர்ந்தால்தான் லேப்டாப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

நீங்கள் நாள் முழுக்கச் செய்யும் வேலையில் பெரும்பகுதி ஒன்றிரண்டு கோரை நம்பித்தான் நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். பிரவுசரில் ஒரு பக்கம் திறப்பது, கேட் (பொறியியல் வரைபட) மென்பொருளில் மாடலைத் திருத்துவது, போட்டோ ஒன்றில் விளைவு போட்டுப் பார்ப்பது எல்லாமே அப்படித்தான். மீதிக் கோர்கள் சும்மா இருக்கும். பிரித்துக் கொடுக்கக்கூடிய வேலையிலும் ஒரு வரம்பு உண்டு. 1967-லேயே கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் இதைச் சொல்லிவிட்டார். ஒரு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்ய முடியும் என்றால், 10 கோர் போட்டால் 3.6 மடங்கு வேகம் கிடைக்கும். 20 கோர் ஆக்கினால் 4.2 மடங்கு. இரண்டாவது ப்ராசசருக்குக் கொடுத்த விலைக்கும் மின்சாரத்துக்கும் கிடைத்தது அந்த 0.6 மட்டும்தான். இரண்டு சாக்கெட் (ப்ராசசர் பொருத்தும் இடம்) உள்ள போர்டில் இன்னொரு தொல்லையும் சேரும். மெமரியில் பாதி ஒரு ப்ராசசரிடமும் மீதி அடுத்ததிடமும் இருக்கும். அடுத்தவருடைய பாதியில் உள்ளதை எடுக்கக் கூடுதல் நேரம் ஆகும். இதைக் கவனித்து எழுதப்படாத மென்பொருள் சில சமயம் ஒரே ப்ராசசரில் ஓடும்போதுதான் வேகமாக ஓடும்.

சரி, மெமரிக்கு வருவோம். பழைய இயந்திரத்துக்கு வக்காலத்து வாங்குபவர்கள் "அதில் நான்கு சேனல் இருக்கிறதே" என்பார்கள். சேனல் என்பது ப்ராசசருக்கும் மெமரிக்கும் இடையே தரவு போகும் பாதை. நான்கு இருப்பது உண்மைதான். ஆனால் அது டிடிஆர்3 1866 என்ற பழைய மெமரி வகை. நான்கு சேனலும் சேர்ந்து நொடிக்கு 59.7 ஜிபி. இரண்டே சேனலில் டிடிஆர்5 5600 போட்ட லேப்டாப் 89.6 ஜிபி தொடும். பிசிஐஇ லேனிலும் (கார்டு, டிஸ்க் இணைக்கும் தடங்கள்) இதே கதை. ஜியானில் மூன்றாம் தலைமுறை லேன் 40, ரைசனில் நான்காம் தலைமுறை லேன் 20. ஒவ்வொரு லேனின் வேகமும் இரட்டிப்பு என்பதால் மொத்தக் கொள்ளளவு இரண்டிலும் ஒன்றுதான்!

இதைப் படித்துவிட்டு லேப்டாப்தான் எல்லாவற்றுக்கும் என்று முடிவுகட்ட வேண்டாம். அந்த 20 லேனில் நீங்கள் விரும்பிய கார்டைச் செருக லேப்டாப்பில் இடம் கிடையாது. வொர்க்ஸ்டேஷனில் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றோ இரண்டோ, அதோடு வேகமான நெட்வொர்க் கார்டு, நாலைந்து டிஸ்க் என்று போட்டுக்கொண்டே போகலாம். மெமரியின் அளவும் அப்படித்தான். அந்த ஜியான் ஒன்றே 768 ஜிபி வரை ஏற்கும். லேப்டாப்பில் பெரும்பாலும் 16 அல்லது 32 ஜிபிதான், அதுவும் பல மாடல்களில் போர்டிலேயே பற்றவைத்து வருகிறது. பிறகு கூட்டவே முடியாது. 200 ஜிபி தரவை மெமரியில் ஏற்றிச் செய்ய வேண்டிய வேலையாக இருந்தால், கோர் எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை. டிஸ்குக்கும் மெமரிக்கும் இடையே ஓடி ஓடியே பொழுது போய்விடும். பிழை திருத்தும் இசிசி மெமரியும் வொர்க்ஸ்டேஷனில் இயல்பாக உண்டு. நாள்கணக்கில் ஓடும் கணக்கீட்டில் ஒரு பிட் மாறினால் முடிவே தப்பாகிவிடும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அப்புறம் வெப்பம். லேப்டாப் விமர்சனங்களில் வரும் மதிப்பெண்ணை நான் பாதிதான் நம்புவேன். இந்த ரைசனை 15 வாட் முதல் 30 வாட் வரை எதில் ஓட்டுவது என்பது லேப்டாப் செய்யும் நிறுவனத்தின் இஷ்டம். ஆகவே ஒரே ப்ராசசர் பெயர் உள்ள இரண்டு லேப்டாப்புகள் ஒரே வேகத்தில் ஓடும் என்று எதிர்பார்க்கவே கூடாது. தொடக்கத்தில் சில நொடிகள் கூடுதல் மின்சாரம் எடுத்துப் பறக்கும். சூடேறியதும் தணிந்து, தன்னால் தாங்கக்கூடிய வேகத்தில் நின்றுவிடும். சோதனை அந்தச் சில நொடிகளுக்குள் முடிந்துவிட்டால் காகிதத்தில் பிரமாதமாகத் தெரியும். வாங்கும் முன் உங்கள் வேலையையே அரைமணி நேரம் விடாமல் ஓட்டச் சொல்லிப் பாருங்கள். கடைசிப் பத்து நிமிட வேகம்தான் நிஜ வேகம். சார்ஜரைக் கழற்றிவிட்டும் ஒருமுறை பாருங்கள். பெரிய ஹீட்சிங்க் போட்ட வொர்க்ஸ்டேஷனில் இந்தச் சரிவு அநேகமாக இருக்காது. காலையில் ஓடிய வேகத்திலேயே இரவும் ஓடும்.

அந்த நிலைத்தன்மைக்கு மின்கட்டணத்தில் விலை கொடுக்க வேண்டும். இரண்டு ஜியானின் வெப்ப அளவு 260 வாட், லேப்டாப்புடையது 28. தோராயமாக அந்த வித்தியாசத்தை 8 மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 யூனிட். ப்ராசசருக்கு மட்டும்தான் இது. விசிறி, மெமரி, கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் தனி. இந்த ஜியானுக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது என்பதால் திரையில் ஏதாவது தெரியவே ஒரு கார்டு வேண்டும்.

பலரும் கேட்காமலே விட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: இந்த ப்ராசசருக்கு இன்னும் மென்பொருள் வருமா? வி2 தலைமுறைக்கு, ஒரே தடவையில் பல எண்களைக் கணக்கிட உதவும் ஏவிஎக்ஸ்2 கட்டளைத் தொகுப்பு கிடையாது. அதை எதிர்பார்க்கும் புதிய மென்பொருள்கள் மெதுவாக ஓடுவதோடு நிற்காது, சில திறக்கவே திறக்காது. நிறுவனங்கள் பயன்படுத்தும் இயங்குதளமான ரெட் ஹேட் எண்டர்ப்ரைஸ் லினக்ஸ் 10 அந்தக் கட்டளைகள் இல்லாத ப்ராசசரை ஏற்பதில்லை. விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இந்த ஜியான் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. 2018 ஜனவரியில் வெளியான மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற ப்ராசசர் பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்தபோது, இன்டெலின் ஹாஸ்வெல் தலைமுறையும் அதற்கு முந்தையவையும் கூடுதலாக வேகம் இழக்கும் என்று மைக்ரோசாஃப்ட்டே சொன்னது. இந்த வி2 அதற்கும் முந்தைய ஐவி பிரிட்ஜ் தலைமுறை. ஆகவே 2013-இல் எழுதிய விமர்சனத்தை வைத்து இன்றைய வேகத்தைக் கணிக்க முடியாது.

எழுத்து, கணக்கு, குறியீடு எழுதுவது, வரைபடம், அளவான வீடியோ எடிட்டிங் என்று வருபவர்களிடம் நான் தயங்காமல் லேப்டாப் என்றே சொல்கிறேன். இரவு முழுக்க ரெண்டர் (3டி காட்சியைப் படமாக்கும் வேலை) ஓட்டுபவர்கள், பத்துப் பதினைந்து விர்ச்சுவல் மெஷின் (ஒரே இயந்திரத்துக்குள் மென்பொருளால் ஓடும் தனிக் கம்ப்யூட்டர்) ஒன்றாக வைத்திருப்பவர்கள், மெமரிப் பசி உள்ள கணக்கீடு செய்பவர்கள் ஆகியோரிடம் மட்டும்தான் பழைய வொர்க்ஸ்டேஷன் பற்றிப் பேசுகிறேன். அவர்களிடமும் வி2 வேண்டாம், 2014-இல் வந்த வி3 அல்லது 2016-இல் வந்த வி4 பாருங்கள் என்பேன். அவற்றில் ஏவிஎக்ஸ்2 உண்டு, மெமரியும் டிடிஆர்4.

பார்க்கப் போகும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். போர்டு என்விஎம்இ (வேகமான புதுவகை) டிஸ்கிலிருந்து நேரடியாக பூட் ஆகுமா. அந்தக் காலத்துப் பல போர்டுகள் ஆகாது. பவர் சப்ளையின் இணைப்பு பொதுவானதா, அந்த நிறுவனத்துக்கே உரியதா. தனி வகை என்றால் பழுதானபின் மாற்று தேடி அலைய வேண்டும். உள்ளே இருப்பது சர்வர்களுக்கான ரெஜிஸ்டர்டு மெமரியா. ஆமென்றால் அதைப் பிற்பாடு சாதாரண டெஸ்க்டாப்பில் போட முடியாது. அதனுடன் சாதாரண மெமரியைக் கலந்து போட்டாலும் இயந்திரம் ஆன் ஆகாது.