கவரிங் தோடு ஒத்துக்காதா? பல்லுக்கு கேப் போடும் முன் சொல்லிவிடுங்கள்

பெங்களூரு அல்சூரில் என்னிடம் வரும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பல் கேப் இரண்டே வகை: ‘ஸ்டீல் கேப்’, ‘பல் கலர் கேப்’. பல் நிறத்தில் இருந்தால் உள்ளே உலோகமே கிடையாது என்று பலரும் நம்புகிறார்கள். மெட்டல் செராமிக் கேப்பில் வெளியே தெரிவதுதான் பீங்கான். அதற்கு அடியில் மெல்லிய உலோகக் கூடு இருக்கிறது. விலை குறைந்த கேப்களில் அது பெரும்பாலும் நிக்கல்-குரோமியம் கலவை, அதிலும் பாதிக்கு மேல் நிக்கல்.

பூ கட்டி விற்கும் ஓர் அம்மா வந்திருந்தார். வேறு இடத்தில் போட்ட கேப்பைச் சுற்றி மட்டும் ஈறு சிவந்து தடித்திருந்தது. சுத்தம் செய்தேன், கேப்பின் ஓரத்தைப் பார்த்தேன், மருந்தும் கொடுத்தேன். ஆறவில்லை. கவரிங் நகையிலும் நிக்கல் இருப்பதுண்டு. அப்புறம்தான் கேட்கத் தோன்றியது: “கவரிங் தோடு போட்டா காது புண்ணாகுமாம்மா?”

“ஆமா டாக்டரம்மா, ரெண்டே நாள்ல நீர் வடியும். கல்யாணத்துக்குக்கூடப் போட மாட்டேன்.”

தோல் மருத்துவர் பேட்ச் டெஸ்ட் (தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை) செய்ததில் நிக்கல் அலர்ஜி உறுதியானது. கேப்பை அறுத்தெடுத்து, உலோகமில்லாத ஜிர்கோனியா கேப் வைத்தேன். சில வாரங்களில் ஈறு பழைய நிறத்துக்கு வந்தது. கேப் போடும் முன்பே அவரிடம் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம் என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது.

குரோமியம் உலோகத்தின் மேல் மெல்லிய ஆக்ஸைடு படலமாகப் படிந்து அரிப்பைத் தடுக்கும். ஆனாலும் உமிழ்நீரிலும் புளிப்பிலும் நிக்கல் நுண்ணிய அளவில் கசியும். காதில் ஒவ்வாமை உள்ள எல்லோருக்கும் வாயிலும் வரும் என்றில்லை. ஈறு சிவப்பதற்கு அழுக்குப் படிவதும், கேப் சரியாகப் பொருந்தாததுமே பெரும்பாலும் காரணம். ஈறோரம் தெரியும் கறுப்புக் கோடும் பல நேரம் உலோக விளிம்புதான். தொந்தரவு தராத பழைய கேப்பைப் பயந்துபோய்க் கழற்ற வேண்டாம்.

லேபில் கேப்பைத் தேய்த்து மெருகேற்றும் தம்பிகளை நினைத்தால்தான் எனக்குக் கூடுதல் கவலை. வார்ப்பதற்கு எளிது என்று சில நிக்கல் கலவைகளில் பெரிலியம் என்ற உலோகத்தைச் சேர்ப்பதுண்டு. அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். பல் உலோகங்களுக்கான சர்வதேச ஐ.எஸ்.ஓ 22674 தரநிலை பெரிலியத்துக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 0.02 சதவீதம்.

நிக்கல் ஆகாதவர்களுக்கு நிக்கல் கலக்காத கோபால்ட்-குரோமியம், தங்கம் கலந்த உயர்ரகக் கலவை, உலோகமே இல்லாத ஜிர்கோனியா என வழிகள் உண்டு. எதைப் போட்டாலும் லேப் அனுப்பும் சீட்டில் கலவையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து வேறொரு டாக்டர் அந்தப் பல்லைத் தொடும்போது, முதலில் தேடுவது அந்தப் பெயரைத்தான்.