நுண்ணுயிர் மின்கலம்: எரியாத இடத்தில் எரிபொருள் எதற்கு?

தருமபுரி மாவட்டத்தில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) அரைக்கும் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்தக் கழிவுநீரின் புளித்த வாடை நன்றாகத் தெரியும். தொட்டியில் மாவு அடியில் படிந்ததும் மேல்நீரை வடித்துவிடுகிறார்கள். அதில் மிஞ்சியிருக்கும் மாச்சத்தைத் தின்னும் பாக்டீரியாக்களால் வருவதுதான் அந்த வாடை. இப்படிப்பட்ட கழிவையே பாக்டீரியாக்களுக்குத் தீனியாகக் கொடுத்து, அவற்றிடமிருந்து நேரடியாக மின்சாரம் பெறும் கருவிக்கு ‘மைக்ரோபியல் ஃபியூவல் செல்’ என்று பெயர். தமிழில் இதை ‘நுண்ணுயிர் எரிபொருள் கலம்’ என்று எழுதுகிறார்கள். ‘நுண்ணுயிர் மின்கலம்’ என்பதே சரி என்பேன்.

‘மைக்ரோப்’ என்ற சொல்லை 1878இல் உருவாக்கியவர் பிரெஞ்சு அறுவை மருத்துவர் செடியோ. சிறுமை, உயிர் என்னும் பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. ‘நுண்ணுயிர்’ அதற்கு அப்படியே பொருந்துகிறது.

‘செல்’ என்பதற்கு லத்தீனில் சிற்றறை என்று பொருள். 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையில் கண்ட நுண்ணறைகளுக்கு அந்தப் பெயரை வைத்தார். பின்னாளில் மின்சாரத் துறையும் அதை எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழகத்தில் நாம் உயிரணு, மின்கலம் என்று தெளிவாகப் பிரித்துவிட்டோம். உண்கலம், மட்கலம், மரக்கலம், தானியம் அளந்த கலம் என ஒன்றை உள்ளே ஏந்தி நிற்பதெல்லாம் கலம்தான். ஆனால் இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் உயிரணுவுக்கே கலம் என்று பெயர். ‘நுண்ணுயிர்’ என்ற சொல்லும் முன்னால் நிற்கும்போது, வெறுமனே ‘கலம்’ என்று முடித்தால் அங்குள்ள வாசகர் உயிரணு என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். ‘மின்’ சேர்ந்தால் அந்தக் குழப்பம் தீர்கிறது.

இடையில் நிற்கும் ‘ஃபியூவல்’தான் சிக்கல். அடுப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. இன்று அதைச் சொல்லும் ஆங்கிலேயர் யாருக்கும் அடுப்பு நினைவுக்கு வராது. நமது ‘எரிபொருள்’ அப்படியல்ல. ‘எரி’ வெளிப்படையாக முன்னால் நிற்கிறது. படிக்கும் மாணவர் நெருப்பைத் தேடுவார். இந்தக் கருவியிலோ எதுவும் எரிவதில்லை.

நடப்பது இதுதான். பாக்டீரியா உணவைச் சிதைக்கும்போது எலெக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. நம் உடல் அப்படி வெளிப்படும் எலெக்ட்ரான்களை நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறது. காற்றுப் புகாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் இரும்புத் தாதுக்களிடம் ஒப்படைக்கின்றன. அமெரிக்க அறிவியலாளர் டெரெக் லவ்லி 1987இல் பொட்டோமாக் ஆற்று வண்டலிலிருந்து பிரித்தெடுத்த ஜியோபாக்டர் அத்தகையது. தாதுவுக்குப் பதிலாக ஒரு கரித்தண்டை வைத்தால் எலெக்ட்ரான்களை அதற்குக் கொடுக்கிறது. அவை கம்பி வழியே காற்றுப்படும் மறுமுனைக்குப் போய், ஆக்சிஜனோடும் ஹைட்ரஜன் அயனிகளோடும் சேர்ந்து நீராகின்றன. கம்பியில் ஓடுவது மின்னோட்டம். கழிவும் கூடவே குறைகிறது. நுண்ணுயிரிகளிடமிருந்து மின்சாரம் எடுக்க முடியும் என்பதை இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம். சி. பாட்டர் 1911இலேயே காட்டிவிட்டார். ஆனால் கலத்தில் வேதிப்பொருள் எதையும் தரகராகச் சேர்க்காமல் தானே எலெக்ட்ரானைக் கடத்தும் உயிரி இருக்கிறது என்ற அறிவுதான் இந்தத் துறைக்குப் புது வேகம் கொடுத்தது. லவ்லியின் பணிக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது அதனால்தான்.

இன்னொரு சொல்லிலும் கவனம் வேண்டும். எலெக்ட்ரான்கள் கம்பிக்குள் புறப்படும் முனையான ‘ஆனோடு’ என்பதை ‘நேர்மின்வாய்’ என்று எழுதும் வழக்கம் உண்டு. மின்சாரம் செலுத்திப் பொருளைப் பிரிக்கும் மின்பகுப்பில் அது சரி. மின்கலத்தில் ஆனோடுதான் எதிர்முனை. பாக்டீரியா ஒட்டி வளரும் கரித்தண்டும் அதுவே. இங்கே ‘நேர்மின்வாய்’ என்று எழுதினால் படம் வரையும் மாணவர் கூட்டல் குறியைத் தவறான முனையில் போட்டுவிடுவார். ஆனோடு என்றே எழுதுவது நல்லது.

ஒரு கலத்தில் கிடைப்பது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. கெலவரப்பள்ளி அணையில் கழிவுநீரால் பொங்கும் நுரையையும் மாங்கூழ் ஆலைக் கழிவையும் பார்க்கும் கிருஷ்ணகிரிக்காரர்கள் நாளையே ஊருக்கு மின்சாரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சிறு உணர்கருவிகளுக்கு அது போதும். நீரடி வண்டலில் ஆனோடைப் புதைத்து, மேல்நீரில் மறுமுனையைத் தொங்கவிடும் வகையும் உண்டு. பொட்டோமாக் ஆற்றில் வானிலை அளக்கும் மிதவை ஒன்றை அப்படி இயக்கிக் காட்டியதை 2008இல் வெளியிட்டார்கள். அந்த வகைக்கு ‘வண்டல் மின்கலம்’ என்பது பொருத்தமான பெயர்.