உருண்டைக் கல்லுக்குள் இலை உருக்குலையாமல் இருப்பது எப்படி?

உடைத்த உருண்டைக் கல்லின் நடுவே பெரணி இலையின் நரம்புகள்கூடத் தெரிகின்றனவே, அது எப்படி என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இலை வண்டலில் புதைந்தது, வண்டல் பாறையாக இறுகியது என்பது பள்ளிப் பாடம். ஆனால் நுண்ணுயிரிகள் அதைத் தின்று தீர்க்காமலும், மேலே சேர்ந்த மண்ணின் எடை அதை நசுக்காமலும் விட்டது ஏன்? வியப்பு என்னவென்றால், இலையைக் காப்பாற்றியதே அதன் அழுகல்தான்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து மேசான் கிரீக் புதைபடிவங்கள் இதற்குச் சிறந்த சான்று. ஏறத்தாழ 31 கோடி ஆண்டுகளுக்கு முன், கழிமுகச் சேற்றில் விரைந்து புதைந்த இலைகளையும் விலங்குகளையும் ஆக்சிஜன் இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள் சிதைக்கத் தொடங்கின. அப்போது வெளியான கார்பன் டை ஆக்சைடு சேற்றுநீரில் கரைந்து பைகார்பனேட்டாகி, அந்நீரிலிருந்த இரும்புடன் சேர்ந்து, சிடரைட் என்னும் இரும்புக் கார்பனேட்டாக மண்துகள்களின் இடைவெளிகளில் படிந்தது. கடல்நீர்போலச் சல்ஃபேட் மிகுந்த நீராக இருந்திருந்தால் இரும்பு கந்தகத்துடன் சேர்ந்து பைரைட் என்னும் கனிமமாக மாறிப் போயிருக்கும். ஆற்றின் நன்னீர் கலந்தது நல்வாய்ப்பு. சிதைவு நடந்த இடத்தைச் சுற்றியே படிவும் வளர்ந்ததால், ஒவ்வொரு உடலும் தனக்குரிய உறையைத் தானே உருவாக்கிக்கொண்டது. சுற்றியிருந்த சேறு பின்னாளில் அமுங்கித் தகட்டுப்பாறையானபோது, முன்பே இறுகிவிட்ட உருண்டை அந்த எடையைத் தாங்கி நின்றது.

இத்தகைய கல்லைச் சுத்தியலால் அடிப்பதை நான் ஏற்பதில்லை. நீரில் ஊறவைத்து, உறைய வைத்து, உருகவிட்டு, இதையே பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்தால், உறையும் நீர் சுமார் 9 விழுக்காடு விரிவதால் கல் தன் வலுவற்ற தளத்தில் பிளக்கும். பெரும்பாலும் இலை கிடப்பது அந்தத் தளத்தில்தான்.

அடையாளம் காணும்போது முதலில் மாங்கனீசு ஆக்சைடு கிளைப்படிவுகளை ஒதுக்க வேண்டும். பாறை விரிசல்களில் செடிபோலப் படர்ந்தாலும் அவற்றில் நடுநரம்பு இருக்காது. மெய்யான இலையாயின், சிற்றிலை காம்பைத் தொடும் இடத்தைக் கைவில்லையால் பாருங்கள்: அடிப்பாகம் முழுவதும் ஒட்டியிருந்தால் பெக்காப்டெரிஸ் என்னும் புதைபடிவ இலைவகை, குறுகிய ஒரு புள்ளியில் மட்டும் ஒட்டியிருந்தால் நியூரோப்டெரிஸ் எனத் தொடங்கலாம்.

பிளந்த இரு பாதிகளையும் சேர்த்தே வைத்து, எடுத்த இடத்தையும் பாறை அடுக்கையும் அன்றே எழுதிவிட வேண்டும். பிரான்சிஸ் டல்லி என்னும் பொழுதுபோக்குச் சேகரிப்பாளர் இதே மேசான் கிரீக்கில் கண்டெடுத்து அருங்காட்சியகத்திடம் காட்டிய விலங்குக்கு 1966-இல் டல்லிமான்ஸ்ட்ரம் என்று அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. இப்படி வந்து சேரும் கற்களை ஒப்பிட்டுப் பதிவு செய்யும் அருங்காட்சியகப் பணிக்கு, ஆய்வுக்கூடக் கருவிகளுக்கு இணையாக நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டல்லிமான்ஸ்ட்ரம் முதுகெலும்புள்ளதா, இல்லாததா என்ற விவாதமே இன்னும் முடிந்தபாடில்லை; அதைத் தீர்க்க முயல்வோர் ஆராய்வது சேகரிப்புகளில் பாதுகாக்கப்பட்டுள்ள அந்தக் கற்களைத்தான்.