சூறாவளிக்கு முந்தியா, பிந்தியா? ஊர் நூதனசாலையில் பிள்ளைகளோடு வரலாறு தேடுதல்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கத்தில், ஒரு காலத்தில் கூட்டுறவுச் சங்கத்தின் நெற்களஞ்சியமாக இருந்த கட்டடத்தின் இரண்டு அறைகளில் இயங்கும் சிறிய நூதனசாலையைப் பராமரிப்பது என் வேலை. அங்கே அரசர்களின் வாளோ பொன் நாணயமோ கிடையாது. வெற்றிலை வைக்கும் தண்டுள்ள தட்டான வட்டா, படிக்கம், மரைக்கால், திருகை, கரப்பு, அரிக்கன் லாம்பு, கூத்துக் கொப்பிகள், காணி உறுதிகள், கறையான் பாதி தின்ற கலியாணப் படங்கள் என ஊரார் தாங்களாகவே கொண்டுவந்து தந்த இருநூற்றுச் சொச்சம் பொருள்களே உள்ளன. பாடசாலைகள் பிள்ளைகளை அழைத்து வரும்போது நானும் ஆசிரியர்களும் வழக்கமாக விடும் பிழைகளையும், அவற்றைத் திருத்த நாங்கள் கண்டுகொண்ட சில வழிகளையும் இங்கே எழுதுகிறேன்.

தொடக்கத்தில் நான் கையில் ஒரு தடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் நின்று விளக்கம் சொல்வேன். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். மட்டக்களப்பு நகரின் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினர், 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர், 1795இல் அது பிரித்தானியரிடம் போனது என்று வரிசையாகச் சொல்லி முடிப்பேன். ஒரு நாள் தரம் 7 மாணவர்கள் வந்து போன பின், ஆசிரியர் அவர்களின் கொப்பிகளை என்னிடம் காட்டினார். அவசரத்தில் ஓர் ஆண்டை நான் தவறாகச் சொல்லியிருக்கிறேன். முப்பத்துநான்கு கொப்பிகளிலும் அந்தத் தவறான ஆண்டு அழகான கையெழுத்தில் இருந்தது. ஒரு பிள்ளைகூட "அது எப்படித் தெரியும், சேர்?" என்று கேட்கவில்லை. கேட்பதற்கு நான் இடமே வைக்கவில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

இப்போது தடி இல்லை. நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பொருளைக் கொடுக்கிறோம், கூடவே மூன்று நிரல்கள் வரைந்த ஒரு தாளையும் கொடுக்கிறோம். முதல் நிரல் "கண்டது", இரண்டாவது "கேட்டது", மூன்றாவது "ஊகித்தது". சொல்வதற்கு இது எளிதாக இருந்தாலும், நடைமுறையில் பிள்ளைகள் மிகவும் தடுமாறுவது முதல் நிரலில்தான். வட்டாவைப் பார்த்த உடனே "பழைய வட்டா" என்று எழுதுவார்கள். பழமையைக் கண்ணால் காண முடியுமா என்று கேட்டால் சற்று விழிப்பார்கள். பிறகு விளிம்பில் உள்ள நெளிவையும், அடித்தண்டில் ஈயம் வைத்து ஒட்டிய தடத்தையும், உள்ளே படிந்த சுண்ணாம்புக் கறையையும், அடிப்புறத்தில் ஊசியால் கீறிய இரண்டு எழுத்துகளையும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பார்கள். "பழையது" என்ற சொல் மூன்றாம் நிரலுக்கு இடம்மாறும். அந்த இடமாற்றம் நிகழ்வதற்காகவே நான் இருபது நிமிடம் வாய் திறக்காமல் நிற்கிறேன். பேசிப் பழகியவனுக்கு இது இலேசான வேலை அல்ல.

இரண்டாம் நிரலுக்கு ஊர்ப் பெரியவர்கள் வேண்டும். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் மூன்று நான்கு முதியவர்கள் திண்ணையில் வந்து அமர்கிறார்கள். "இது எந்த ஆண்டு வாங்கியது?" என்று அவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை, ஏனெனில் எங்கள் பக்கத்து முதியவர்களின் நினைவு எண்களால் அடுக்கப்பட்டதன்று. கேள்வியை மாற்றிக் கேட்கப் பிள்ளைகளைப் பழக்கினோம்: "சூறாவளிக்கு முந்தியா, பிந்தியா?" உடனே முகம் தெளியும். "சூறாவளிக்கு முந்தி மனே, நான் கலியாணம் முடிக்கக்குள்ள வந்த வட்டா" என்று ஒரு மூதாட்டி சொன்னார். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய அந்தச் சூறாவளி கூரைகளையும் தென்னைகளையும் பெயர்த்தெறிந்தது; இந்த மாவட்டத்தின் வாழ்வையே முன், பின் என இரண்டாகப் பிளந்தது. அதற்கு முந்தியது 1957ஆம் ஆண்டின் வெள்ளம்; பிந்தியது 2004 டிசம்பர் 26இன் சுனாமி. இந்த மூன்றையும் ஒரு கயிற்றில் முடிச்சுகளாகப் போட்டுச் சுவரில் கட்டியிருக்கிறோம். பிள்ளைகள் பொருளின் பெயர் எழுதிய அட்டையை எந்த முடிச்சுகளுக்கு இடையே கொழுவுவது என்று வாதிடுவார்கள். வகுப்பறையில் காலவரிசை என்ற சொல்லைக் கேட்டாலே சோர்ந்துபோகும் பையன்கள்கூட இந்தக் கயிற்றடியில் சண்டை பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மூத்த வகுப்பு மாணவர்களுக்குக் காகிதங்களைக் கொடுப்பதுண்டு. ஒரு காணி உறுதியில் அக்கரைப்பற்று மட்டக்களப்பு மாவட்டத்தில் இருப்பதாக எழுதியிருக்கும். பிழை என்று சிவப்புப் பேனையை எடுக்கும் பிள்ளையிடம், அம்பாறை மாவட்டம் 1961இல்தான் தனியாகப் பிரிக்கப்பட்டது என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். அந்த உறுதி எந்த ஆண்டுக்கு முந்தியது என்பதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளை ஏன் மட்டக்களப்பார் என்றே எல்லோரும் குறிப்பிடுகிறார்கள் என்ற கேள்விக்கும் அதே உறுதி விடை தருகிறது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து வயல்களுக்கு நீரையும், மாவட்டத்தின் மேற்கே புதிய குடியேற்றங்களையும் கொண்டுவந்ததை இதோடு சேர்த்துப் பேசினால், வரைபடத்திலுள்ள கோடுகள் மனிதர்கள் இழுத்தவை என்பது தரம் 9 பிள்ளைக்கு விளங்கத் தொடங்கும்.

பொருள்களைவிட வேகமாக அழிந்துகொண்டிருப்பவை அவற்றோடு கூடிய சொற்கள். வயற்காரக் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் இன்று அறுவடை என்றால் வெட்டும் மிசின் வந்து போகும் ஒரு மணித்தியாலம்தான். ஆகவே தாக்கத்தி, படங்கு, சுளகு, மரைக்கால் ஆகியவற்றைத் தரையில் பரப்பி வைத்துவிட்டு, போடியார் எனப்படும் பெரிய வயற்சொந்தக்காரர் ஒருவரின் வயலில் இளவயதில் வேலை செய்த மூத்தப்பா ஒருவரிடம் அவர்களை ஒப்படைப்போம். களத்தில் நிற்கும்போது நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றே சொல்ல வேண்டும் என்று அவர் கண்டிப்போடு சொல்வார். வைக்கோலைக் கிளறும் கம்புக்கு வேலைக்காரன் என்று பெயர் என்றதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். வயலின் பரப்பை ஏக்கரில் சொல்லாமல், அதில் விதைக்கும் நெல்லின் அளவைக் கொண்டு சொன்ன காலம் ஒன்று இருந்தது என்பதைக் கேட்டதும் ஒரு மாணவி, மண் வளமில்லாத இடத்தில் விதை கூடத் தேவைப்பட்டால் வயல் பெரிதாகிவிடுமா என்று கேட்டாள். மூத்தப்பா நெடுநேரம் யோசித்தார். அந்தக் கேள்வி இன்னும் எங்கள் பதிவேட்டில் விடையில்லாமல் இருக்கிறது.

எங்கள் கரையோரத்துக்கென்றே அமைந்த ஒரு பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாடசாலைகளில் குடும்ப மரம் வரையச் சொல்லும்போது அச்சிட்ட படிவம் பெரும்பாலும் அப்பாவிலிருந்தே மேலே ஏறுகிறது. ஆனால் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியாக வருவது. கோயில் திருவிழாக்களிலும் உரிமைகள் குடிகளின் வழியே பகிரப்படுகின்றன. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும் வழக்கமும் இதோடு ஒட்டியது. ஆகவே நாங்கள் வெறும் தாளைக் கொடுத்து, அம்மா, அம்மம்மா, அம்மம்மாவின் அம்மா என்று தாய்வழியே எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போகச் சொல்கிறோம். பெரும்பாலான பிள்ளைகள் மூன்றாம் படியில் பெயர் தெரியாமல் நின்றுவிடுவார்கள். அடுத்த வாரம் வீட்டில் கேட்டுக்கொண்டு வருவார்கள். காத்தான்குடியிலிருந்து ஒரு முறை வந்த பிள்ளைகள் உம்மா, உம்மும்மா என்று வரைந்த தாளையும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் தாளையும் அருகருகே ஒட்டினோம். இரண்டிலும் குடி என்ற சொல் ஒரே இடத்தில், ஒரே பொருளில் நின்றதை ஒரு பையன் கண்டுபிடித்துச் சத்தம் போட்டான். அயலவர் உறவைப் பற்றி எத்தனையோ உரைகளைக் கேட்டிருக்கிறேன்; அந்த இரண்டு தாள்கள் செய்த வேலையை அவற்றில் ஒன்றும் செய்ததில்லை. இதில் ஒரு கவனமும் தேவை. எந்தக் குடி உயர்ந்தது என்ற பேச்சுக்கு ஒரு சொல் அளவும் இடம் கொடுக்கக்கூடாது. பெற்றோரின் வாயிலிருந்து அது பிள்ளையின் வாய்க்கு வந்தால், அங்கேயே நிறுத்திவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விட வேண்டும்.

யாருடைய பொருள் இங்கே இல்லை என்ற கேள்வியையும் பிள்ளைகளிடம் கேட்கிறோம். போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கியர் வீட்டுப் பொருள் ஒன்றும் இல்லை, வாகரைப் பக்கத்து வேடர்களின் பொருள் இல்லை என்று அவர்கள் சொன்னது சரியே. போர்த்துக்கேய மொழியின் சாயல் கொண்ட பறங்கியர் பேச்சு இன்னும் மட்டக்களப்பு நகரில் சில வீடுகளில் உயிரோடு இருப்பது பல பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி.

இனிச் சொல்லப்போவதை ஆசிரியர்கள் தயவுசெய்து ஆறுதலாக வாசிக்க வேண்டும். வீட்டிலிருந்து ஒரு பழைய படம் கொண்டுவாருங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது எங்கள் மாவட்டத்தில் சாதாரண வீட்டுவேலை அன்று. சில ஆண்டுகளுக்கு முன் நான் அப்படித்தான் சொன்னேன். ஒரு சிறுமி கொண்டுவந்த படத்தில் ஐந்து பேர் நின்றார்கள். இவர்கள் யார் என்று மற்றப் பிள்ளைகள் கேட்டபோது அவள் மூவரின் பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். மறுநாள் அவளுடைய அம்மம்மா என்னைத் தேடி வந்தார். அவர் கோபிக்கவில்லை, படத்தைத் திருப்பித் தரும்படி மட்டும் கேட்டார். போரும் கடலும் இங்கே பல குடும்பங்களில் ஆள்களை எடுத்திருக்கின்றன. சிலர் திரும்பி வராமலே இருக்கிறார்கள். சில வீடுகளில் கடலோடு போனது படங்களுந்தான், அந்தப் பிள்ளைக்குக் கொண்டுவரவே ஒன்றும் இருக்காது. அன்றிலிருந்து நாங்கள் படம் கேட்பதில்லை. விரும்பினால் ஒரு பொருள், பொருள் இல்லையென்றால் ஒரு சொல், அல்லது ஒரு சமையல் முறை என்று கேட்கிறோம். எதைக் கொண்டுவருவது என்பதை வீட்டுப் பெரியவரோடு பேசித் தீர்மானிக்கும்படி ஒரு சிறு கடிதமும் கொடுத்தனுப்புகிறோம். முதியவர் பேசிக்கொண்டிருக்கையில் மௌனமானால் அடுத்த கேள்வி கேட்க வேண்டாம், ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுக்கலாம் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்கிறோம். அவர்கள் இதை நம்மைவிட நன்றாகச் செய்கிறார்கள். தாளின் இரண்டாம் நிரலில் "சொல்ல விரும்பவில்லை" என்று எழுதுவதும் சரியான பதிவுதான் என்பதை ஆசிரியர்கள் ஏற்று, அதற்கும் புள்ளி வழங்க வேண்டும்.

பொருள்களைக் கையாள்வது பற்றிச் சில வார்த்தைகள். கழுவி ஈரம் துடைத்த கையே பெரும்பாலான பொருள்களுக்குப் போதும். உலோகத்துக்கும் படங்களுக்கும் கையுறை நல்லது. கிழிந்த காகிதத்தைச் செலோடேப்பால் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகிப் பத்து ஆண்டுகளில் எழுத்தையே தின்றுவிடும். நூதனசாலைக்குத் தரும் முன் பித்தளையைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிவிட்டுக் கொண்டுவரும் அன்பர்களுக்கு எப்படிச் சொல்வதென்றே எனக்குத் தெரிவதில்லை. அவர்கள் மரியாதையாகத்தான் செய்கிறார்கள், ஆனால் புளியின் அமிலம் மேற்பரப்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கும்போது, அடிப்புறத்தில் கீறியிருந்த பெயரும் அதோடு போய்விடுகிறது. மார்கழி மழைக்காலத்தில் ஏடுகளும் கொப்பிகளும் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் அந்த மாதங்களில் அவற்றைப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுப்பதில்லை.

வயலிலோ கிணறு தோண்டும் இடத்திலோ பழைய ஓட்டுத் துண்டு, செங்கல், எழுத்துள்ள கல் கண்ணில் பட்டால், மேலும் தோண்டாமல், கண்ட இடத்திலேயே விட்டு, படம் எடுத்துக் கிராம உத்தியோகத்தருக்கோ தொல்பொருள் திணைக்களத்துக்கோ அறிவிக்க வேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதியின்றி அகழ்வது குற்றம். அதைவிட, மண்ணிலிருந்து பிடுங்கிய பொருள் எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தி ஒரு முறை போனால் திரும்பாது என்பதே பிள்ளைகளுக்கு நான் சொல்லும் காரணம். புதையல் கதைகளில் வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றந்தான்.

அதிபர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே பேருந்தில் அறுபது பிள்ளைகளை ஏற்றி வந்து, ஒரு காலைக்குள் கோட்டை, வெளிச்சவீடு, கல்லடிப் பாலம், நூதனசாலை எல்லாவற்றையும் முடிக்கும் சுற்றுலாவில் எங்களுக்குக் கிடைப்பது இருபத்தைந்து நிமிடம். பன்னிரண்டு பிள்ளைகள், இரண்டு மணித்தியாலம், நான்கு பொருள்கள் என்றால் வேலை நடக்கும். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிந்திய வாரங்கள் தரம் 5 பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தமானவை. அப்போதுதான் சரியான விடை எது என்று கேட்காமல் ஒரு பொருளை அவர்களால் பார்க்க முடிகிறது. தூரத்து ஊரவர்கள் எங்களிடம் வரவே தேவையில்லை. பாடசாலை மண்டபத்தில் ஒரு மேசையும், ஊரிலிருந்து மூன்று முதியவர்களும், பத்துப் பொருள்களும் இருந்தால் அன்றைக்கு அங்கே ஒரு நூதனசாலை உண்டு. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பின் பிறந்த பிள்ளைகளுக்கு, அந்த இடத்தில் வாவியைக் கடக்கப் பாதைக்குக் காத்திருந்த கதையைச் சொல்ல எந்தப் பொருளுமே வேண்டியதில்லை. பாதை என்றால் தெரு என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள். வாவியைக் கடக்கும் மிதவைக்கு அந்தப் பெயர் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

வட்டாவின் அடியில் கீறியிருந்த இரண்டு எழுத்துகள் பற்றி இதுவரை ஐந்து வகுப்புகள் எழுதிவிட்டன. சீதனம் கொடுத்த தாயின் பெயர் என்றது ஒரு குழு. செய்த தட்டாரின் அடையாளம் என்றது இன்னொன்று. அடகு கடைக்காரர் கீறியது என்று ஒரு பையன் எழுதியதைப் படித்து வட்டாவைத் தந்த மூதாட்டி வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் அது யாருடைய எழுத்து என்று அவரும் சொல்லவில்லை. ஐந்து விடைகளும் மூன்றாம் நிரலில்தான் இருக்கின்றன. அடுத்த சனிக்கிழமை தரம் 8 வருகிறது.