‘கவனமாகப் படியுங்கள்’ என்பதற்கு அது ஆங்கிலம் அல்ல

போன வாரம் ஒரு நிறுவனத்தின் பணி ஒப்பந்தம் மொழித் திருத்தத்துக்கு வந்தது. புதிதாகச் சேர்பவருக்கு முகப்புக் கடிதத்தில் ஓர் அறிவுரை: எல்லாப் பிரிவுகளையும் ‘ரீட் பிட்வீன் த லைன்ஸ்’ செய்துவிட்டுக் கையெழுத்திடவும். ஊன்றிப் படியுங்கள் என்று சொல்ல நினைத்திருக்கிறார்கள். சொல்லியிருப்பதோ, ‘இதில் வெளிப்படையாக எழுதாத சங்கதிகள் உண்டு, நீங்களே மோப்பம் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்பது. இப்படியொரு வாக்குமூலத்தை எந்த நிறுவனமாவது தானே எழுதித் தருமா? இந்த மாதத்தில் எனக்கு இது மூன்றாவது.

வரியில் இருப்பதை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் அது வரியைப் படிப்பதுதான். எழுதாமல் விட்டதை, எழுதிய விதத்திலிருந்து பிடிப்பதற்கே இந்தத் தொடர். ஒருவருடைய பரிந்துரைக் கடிதத்தில் ‘நேரம் தவறாதவர், கையெழுத்து அழகாக இருக்கும்’ என்று மட்டும் இருக்கிறது. வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதைக் கவனித்து உஷாரானவர்தான் வரிகளுக்கு இடையே படித்தவர். நமக்கு இது புதிதும் அல்ல. திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பில் 71, 110 என இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. அங்கே முகத்தையும் கண்ணையும் படிக்கிறார்கள், இங்கே தாளை.

ஆகவே, அறிக்கையே ‘சம்பளம் குறையும்’ என்று பச்சையாகச் சொல்லியிருக்கும்போது, வரிகளுக்கு இடையே படித்துக் கண்டுபிடித்ததாக எழுதாதீர்கள். அடியில் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளுக்கும் இது பொருந்தாது. பொடியானாலும் அவை அச்சில்தான் இருக்கின்றன. அதற்கு ‘ஃபைன் பிரின்ட்’ என்று தனிப் பெயரே உண்டு. ‘சரி’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்ததும் மேலாளர் கோபமாக இருக்கிறார் என்று முடிவுகட்டினால், அது ‘ரீட் இன்டு’: இல்லாததை ஏற்றிப் படிப்பது. வரிகளுக்கு இடையே படிப்பது கூர்மை, இது வீண் சந்தேகம்.

வடிவத்தையும் சிதைக்காதீர்கள். ‘லைன்’ என்று ஒருமையில் எழுதினால், ஒரே வரிக்கு ஏது இடைவெளி? ‘த’ கட்டாயம் வேண்டும். ‘இன் பிட்வீன்’ வேண்டாம், ‘த்ரூ’ வேண்டவே வேண்டாம். இறந்தகாலத்தில் ஒலி ‘ரெட்’ என்று மாறும், எழுத்து மாறாது. ‘ரீடட்’ என்று எழுதியதையும் திருத்தியிருக்கிறேன். ‘ரீடிங் பிட்வீன் த லைன்ஸ்’ என்று தொடங்கி, ‘நிறுவனம் நஷ்டத்தில் இருக்கிறது’ என்று முடித்தால், இலக்கணப்படி படித்தது அந்த நிறுவனமே! படித்தவர் யார் என்று தயவுசெய்து போடுங்கள்.

ஒப்பந்தம், மருந்துக் குறிப்பு, பாதுகாப்பு விதி, இவற்றின் பக்கமே இந்தத் தொடரைக் கொண்டுவராதீர்கள்.

அந்தக் கடிதத்தில் அதை அடித்து, ‘ரீட் கேர்ஃபுல்லி’ என்று போட்டு அனுப்பினேன். ‘ரொம்பச் சாதாரணமாக இருக்கிறதே’ என்ற ஓரக்குறிப்போடு திரும்பி வந்திருக்கிறது. சாதாரணமாகத்தான் இருக்க வேண்டும் ஐயா, அது ஒப்பந்தம்.