கார்பன் ரிம்முல டேப் ஒட்டுறது: டயர்ல ஓட்டையே இல்லாம காத்து எப்படி போகுது?

போன மழைக்காலத்துல என் மவுன்டன் பைக்கோட ட்யூப்லெஸ் பின்சக்கரம் ஒரு வாரமா பாடா படுத்துச்சு. ராத்திரி 22 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு காத்து அடிச்சு வச்சா காலைல கட்டைவிரலால அமுக்கினாலே டயர் ரிம்மை தொடுது. சீமைக்கருவேல முள்ளு ஏறியிருக்கும்னு டயர் முழுக்க சோப்புத்தண்ணி தடவி பாத்தேன், ஒரு குமிழி கூட வரல, வால்வு அடியிலயும் வரல. கடைசில சக்கரத்தை மெதுவா சுத்திக்கிட்டே ஒவ்வொரு ஸ்போக் நிப்பிள் மேலயும் (ஸ்போக்கை ரிம்மோட இறுக்கிப் பிடிக்கிற குட்டி நட்டு) ஒரு சொட்டு விட்டுட்டு வந்தப்போ வால்வுல இருந்து ஏழாவது நிப்பிள்ல கடுகு கடுகா நுரை கட்ட ஆரம்பிச்சுது.

டயரை கழட்டி பாத்தா, ரிம்முல ஸ்போக் ஓட்டைகளை மூடுற டேப் ஏழாவது ஓட்டை மேல நல்லாதான் இருந்துச்சு. கோளாறு இருந்த இடம் கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம். அங்க டேப்போட ஓரத்துல வெள்ளையா ஒரு கோடு, சீலன்ட் (சின்ன ஓட்டையை அடைக்க டயருக்குள்ள ஊத்துற திரவம்) உள்ள ஊர்ந்து போய் காஞ்சு போன தடம், ஒரு சாண் நீளத்துக்கு. டேப்பை நகத்தால தூக்கினா பழைய போஸ்டர் மாதிரி உரிஞ்சு வந்துடுச்சு. டேப் ஒட்டுறதை பத்தி நான் உக்காந்து யோசிக்க ஆரம்பிச்சது அன்னைக்குதான், அதுவரைக்கும் கடையில என்ன சுத்தி கொடுத்தாங்களோ அதோடயே ஓட்டிட்டு இருந்தேன்.

எதிர்ப்பக்கம் லீக் ஆனா ஏழாவது நிப்பிள்ல ஏன் நுரை வருதுன்னா, கார்பன் ரிம் கெட்டியான வளையம் இல்ல, உள்ள வெத்தா இருக்கற ஒரு குழாய். டயர் பக்கம் இருக்கற மேல்சுவர்ல நிப்பிளை உள்ள விடுறதுக்கு பெரிய ஓட்டை, சுமார் 9 மிமீ இருக்கும், ஹப்பை பாத்த கீழ்சுவர்ல நிப்பிள் கழுத்து மட்டும் வெளிய வர்ற சின்ன ஓட்டை. மேல்சுவர்ல எங்க டேப் விட்டாலும் காத்து அந்த குழாய்க்குள்ள இறங்கி சுத்தி வந்து எந்த நிப்பிள் லூசா இருக்கோ அது வழியா வெளிய போயிடும். அதனால நுரை வர்ற இடத்தை வச்சு டேப்ல பிரச்சனைன்னு சொல்லலாமே தவிர எந்த இடத்துலன்னு சொல்ல முடியாது.

ட்யூப் போட்ட காலத்துல ரிம் டேப்புக்கு வேலை ரொம்ப கம்மி, ட்யூப் ஓட்டைக்குள்ள பிதுங்கி வெடிக்காம பாத்துக்கிட்டா போதும். ட்யூப்லெஸ்ல அப்படி இல்ல, காத்தை அடைச்சு வைக்கிற பையில வெளிப்பாதி டயர், உள்பாதி டேப். 1999ல மாவிக் கம்பெனி மிஷலின், ஹட்சின்சன் கூட சேந்து யுஎஸ்டிங்கற ட்யூப்லெஸ் முறையை கொண்டு வந்தப்போ மேல்சுவர்ல ஸ்போக் ஓட்டையே போடாம ரிம் செஞ்சாங்க, அதுக்கு டேப்பே தேவைப்படல. ஆனா அப்படி ரிம் செய்யறது எல்லாருக்கும் லேசு இல்ல. ஸ்டான்ஸ் நோட்யூப்ஸ் கம்பெனி ஒரு மஞ்ச டேப்பும் சீலன்ட்டும் கொண்டு வந்து, ஓட்டை இருக்கற ரிம்மையே ட்யூப்லெஸ் ஆக்கலாம்னு பரப்பினாங்க, இன்னைக்கு வர்ற கார்பன் ரிம் பெரும்பாலும் அந்த வழிதான்.

இப்போ கணக்குக்கு வருவோம். 22 பிஎஸ்ஐல ஒரு 9 மிமீ ஓட்டை மேல காத்து அமுக்குற விசை கிட்டத்தட்ட ஒரு கிலோ. டயர் பீட், அதாவது ரிம்மை பிடிக்கிற டயரோட கெட்டி ஓரம், சரியா உக்காரணும்னு 40 பிஎஸ்ஐ வரைக்கும் ஏத்தினா 1.8 கிலோ. அரை ரூபா காசை விட சின்ன ஒரு வட்டத்துல டேப் மட்டும் தனியா அதை தாங்குது. மெல்லிசா இருந்தா குழி விழும், நாள் போக போக குழி ஆழமாகி ஓட்டையோட விளிம்புல அறுந்துடும். எல்லாரும் பயப்படுறது இந்த அறுந்து போறதுக்குதான், ஆனா என் அனுபவத்துல நல்ல டேப் போட்டுட்டா இது அபூர்வம். நிஜமான எதிரி ஓரம்.

ஏன்னு சொல்றேன். ரிம்மோட நடுப்பள்ளத்துல பீட் உக்காராத ஒரு 20 மிமீ அகலத்தை மட்டும் எடுத்துக்கிட்டா கூட, 29 இன்ச் சக்கரம் முழுக்க 22 பிஎஸ்ஐ காத்து டேப்பை ரிம்மோட சேத்து அமுக்குற மொத்த விசை 600 கிலோவுக்கு பக்கம். எந்த பசையும் இந்த வேலையை செய்யாது, காத்துதான் டேப்பை பிடிச்சு வச்சிருக்கு! ஆனா இதுல ஒரு நிபந்தனை இருக்கு: டேப்புக்கு மேல காத்து இருக்கணும், கீழ இருக்க கூடாது. ஓரத்துல ஒரு மயிரிழை சந்து கிடைச்சு காத்து கீழ புகுந்துட்டா அந்த இடத்துல மேலயும் கீழயும் ஒரே அழுத்தம், 600 கிலோவும் போச்சு, அப்புறம் பசை மட்டும்தான் மிச்சம். பசையோட வேலை அந்த முதல் சந்து வராம பாத்துக்கறது மட்டும்தான். பீட் டேப் ஓரத்து மேல ஏறி உக்காந்து நசுக்கிக்கிட்டு இருந்தா சந்துக்கு வழியே இல்ல. அகலம் ஏன் இவ்வளவு முக்கியம்னா இதுக்காகத்தான்.

ரிம்முல உள் அகலம் 30 மிமீன்னு போட்டிருந்தா 30 மிமீ டேப் வாங்கறதுதான் நிறைய பேர் செய்யற தப்பு. அந்த 30ங்கறது ரெண்டு சுவருக்கும் நடுவுல ஸ்கேலை நேரா வச்சு அளக்குற தூரம். டேப் நேரா போறதில்ல, பீட் உக்கார்ற திட்டுல இருந்து நடுப்பள்ளத்துல இறங்கி ஏறி போகுது. பள்ளம் 3 மிமீ ஆழம், ஒவ்வொரு சரிவும் 5 மிமீ அகலம்னு வச்சா சரிவுக்கு சுமார் 0.8 மிமீ கூடுதல், ரெண்டு பக்கமும் சேத்து 1.7 மிமீ. அதனால உள் அகலத்தோட 2ல இருந்து 3 மிமீ சேத்து வாங்குன்னு சொல்றாங்க, 30க்கு 32 இல்ல 33. குறைஞ்சா ஓரம் பீட்டுக்கு உள்பக்கம் நின்னு போயிடும், டயர் மாட்டுறப்பவே பீட் அதை சுருட்டி விட்டுடும். என் சக்கரத்துல நடந்தது அதுதான், அளந்து பாத்தா டேப் 28 மிமீ. ரொம்ப அகலமானாலும் தொல்லை, ஹூக்லெஸ் (சுவர் ஓரத்துல கொக்கி மாதிரி மடிப்பு இல்லாத) கார்பன் ரிம்மோட நேர் சுவர்ல டேப் ஏறி நின்னா பீட் சறுக்கி மேல வர்றப்போ அதையும் இழுத்துட்டு வந்துடும். முழுசா சுத்துறதுக்கு முன்னாடி ஒரு விரல் நீளத்துக்கு டேப்பை வெட்டி ஒரு இடத்துல ஒட்டி, துணியால மூலை மூலையா அமுக்கி, ஓரம் எங்க போய் நிக்குதுன்னு பாத்துடுங்க, ரெண்டு நிமிஷ வேலை.

எந்த டேப்ங்கறதுக்கு என் பதில் சுருக்கம்தான்: பிளாஸ்டிக் ஃபிலிம் டேப், துணி டேப் வேண்டாம். துணி டேப்ல நூல் இருக்கு, வெட்டின ஓரம் வழியா விளக்குத்திரி எண்ணெய் உறிஞ்சற மாதிரி சீலன்டை உறிஞ்சும், பசையும் ரிம்முல பிசுபிசுன்னு தங்கிடும். கரன்ட் வேலைக்கு போடுற பிவிசி டேப் ரப்பர் மாதிரி இழுபடும், ஓட்டை மேல நிக்காது. சைக்கிள்காரங்க நடுவுல பேர் வாங்கினது டெசா 4289, அது பெட்டி, இரும்பு சட்டமெல்லாம் கட்டுறதுக்கு தொழிற்சாலைல போடுற ஸ்ட்ராப்பிங் டேப்தான். பாலிப்ரோப்பிலீன் ஃபிலிமை ஒரே திசையில இழுத்து செய்யறதால மூலக்கூறுகள் நீளவாக்குல வரிசையா நின்னுடும், நீளவாக்குல இழுத்தா யானை பலம். ஆனா தென்னை ஓலை மாதிரி, குறுக்குல அறுக்க முடியாது, நீளவாக்குல ஒரு கீறல் விழுந்தா சரசரன்னு கிழிஞ்சுக்கிட்டே போகும். டயர் லிவர் முனையை ஆழமா விட்டு நெம்புறப்போ விழுற சின்ன கீறல் ரெண்டு மாசத்துல நாலு ஓட்டையை தாண்டி போயிருக்கறதுக்கு காரணம் இதுதான். லிவரை பீட்டுக்கு அடியில மட்டும் விடுங்க, பிளாஸ்டிக் லிவர் மட்டும் போடுங்க, அது கார்பன் சுவருக்கும் நல்லது.

ஒரு சுத்தா ரெண்டு சுத்தான்னா, மவுன்டன் பைக் அழுத்தத்துக்கு நல்ல டேப்பா இருந்தா ஒண்ணு போதும்ங்கறது என் கட்சி. டேப் தடிமன் 0.14 மிமீன்னு வச்சா ஒவ்வொரு சுத்துக்கும் பீட் உக்கார்ற வட்டத்தோட சுற்றளவு கிட்டத்தட்ட 0.9 மிமீ கூடும். ஏற்கனவே இறுக்கமான டயரா இருந்தா ரெண்டாவது சுத்து கட்டைவிரலை பேத்துடும், லொடலொடன்னு இருக்கற டயருக்கு அதே ரெண்டாவது சுத்து உதவி.

கார்பனுக்குன்னு தனியா ரெண்டு விஷயம் இருக்கு. முதல்ல ஓட்டை விளிம்பு. கார்பன்ல ட்ரில் போட்டா சில சமயம் நார் சிலும்பி நிக்கும், ஊசி மாதிரி குத்தும். காது குடையற பஞ்சு குச்சியை ஒவ்வொரு ஓட்டை சுத்தியும் தடவுங்க, பஞ்சு மாட்டினா அங்க சிலும்பு இருக்கு. 400 நம்பர் வாட்டர் பேப்பரை நனைச்சு அந்த சிலும்பை மட்டும் லேசா தேச்சு எடுங்க, மாஸ்க் போட்டுக்கங்க, கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ரெண்டாவது நிப்பிள். கார்பன் மின்சாரத்தை கடத்தும், அலுமினியம் நிப்பிள் அதை தொட்டுக்கிட்டு இருக்கறப்போ நடுவுல ஈரம் சேந்தா அதுவே ஒரு குட்டி பேட்டரி, அதுல கரைஞ்சு போறது எப்பவும் அலுமினியம்தான். நிறைய சீலன்ட்ல அம்மோனியா வேற இருக்கும். என் சக்கரத்துல டேப் விட்ட இடத்துக்கு கீழ இருந்த ரெண்டு நிப்பிள்ல சுண்ணாம்பு மாதிரி வெள்ளை பூத்திருந்துச்சு, ஸ்போக் ரென்ச் போட்டதும் ஒண்ணு தலையோட கழண்டு வந்துடுச்சு. டேப் லீக்குன்னா காத்து போகுது, தினம் அடிச்சுக்கலாம்னு விட்டுடாதீங்க, சக்கரமே உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டு இருக்கும்.

ஒட்டுறதுக்கு முன்னாடி பழைய பசையை முழுசா எடுத்துட்டு ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல ரெண்டு தடவை துடைங்க, ரெண்டாவது தடவை புது துணியில. முதல் துணி அழுக்கை எடுக்கறதோட கொஞ்சம் பரப்பியும் விடும். புது ரிம்மா இருந்தாலும் துடைக்கணும், அச்சுல இருந்து ரிம் ஒட்டாம வர்றதுக்கு போடுற மெழுகு மாதிரி பொருள் மிச்சம் இருக்கலாம். டேப் பசை காயற கோந்து இல்ல, ரொம்ப கெட்டியான ஒரு திரவம் மாதிரி, மெதுவா பரவி ரிம்மோட நுண்ணிய மேடு பள்ளத்துக்குள்ள இறங்கினாதான் பிடிக்கும், எண்ணெய்ப்பசை இருந்தா இறங்காது. மலைல குளிர் காலைல ஒட்டுறவங்க ஹேர் ட்ரையரால ரிம்மை லேசா வெதுவெதுப்பாக்கிட்டா பசை இளகி நல்லா பரவும்.

வால்வு ஓட்டைக்கு ஒரு சாண் முன்னாடி ஆரம்பிச்சு, முழுசா சுத்தி, வால்வை தாண்டி ஒரு சாண் வந்து முடிங்க. அப்போ வால்வு இருக்கற இடத்துல ரெண்டு அடுக்கு இருக்கும், வால்வு நட்டை முறுக்கினதும் ரப்பர் அடிப்பாகம் அதை அமுக்கி பிடிச்சுக்கும். ஒரு 29 சக்கரத்துக்கு 2.5 மீட்டர் டேப் எடுத்து வச்சுக்கங்க.

சுத்துறப்போ நல்லா இழுத்து சுத்துன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஏன்னு சொல்ல மாட்டாங்க. பீட் திட்டோட சுற்றளவு 622 மிமீ விட்டத்துக்கு 1954 மிமீ. 3 மிமீ ஆழமான பள்ளத்தோட சுற்றளவு அதை விட 19 மிமீ கம்மி. ஒரே டேப்போட ஓரம் 19 மிமீ அதிகம் போகணும், நடு 19 மிமீ கம்மியா போகணும்! தளர்வா சுத்தினா நடுவுல மிச்சமாகற அந்த நீளம் சுருக்கம் சுருக்கமா நிக்கும், இல்லன்னா டேப் பள்ளத்துல இறங்காம மேலயே கூடாரம் மாதிரி நிக்கும். கூடாரம்தான் ரொம்ப ஆபத்து, காத்து அடிச்சதும் நடுவை பள்ளத்துக்குள்ள தள்ளும், ஓரம் உள்பக்கம் இழுபட்டு பீட்டுக்கு அடியில இருந்து வெளிய வந்துடும். இறுக்கி இழுத்தா ஓரம் ஒரு சதவீதம் நீண்டுக்கும், நடு தானா போய் படிஞ்சுக்கும். ஒரு கையால இழுத்துக்கிட்டே இன்னொரு கை கட்டைவிரல்ல துணி சுத்தி நடுவுல இருந்து ஓரத்துக்கு அமுக்கிட்டே வாங்க. உருண்டை குமிழி ரெண்டு மூணு இருந்தா பரவாயில்ல, ஆனா ஒரு சுருக்கம் குறுக்கால ஓரம் வரைக்கும் ஓடினா அது காத்துக்கு போட்ட வாய்க்கால், பிரிச்சுட்டு புது டேப்ல ஆரம்பிங்க.

இதுக்கப்புறம் நிறைய பேர் விட்டுடுற ஒரு படி இருக்கு. 5 கிலோ விசையோட டேப்பை இழுத்தாலும் அந்த இழுப்பு டேப்பை ரிம்மோட அமுக்குற அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ கூட வராது. வால்வு ஓட்டையை முதல்ல குத்திட்டு (எப்படின்னு அடுத்து சொல்றேன்), உள்ள ஒரு ட்யூப் போட்டு டயரை மாட்டி 35 பிஎஸ்ஐ அடிச்சு ஒரு ராத்திரி விட்டா கிட்டத்தட்ட 50 மடங்கு அழுத்தம், ஓரம் மூலை எல்லா இடத்துக்கும் சமமா. ரிம்முலயும் டயர்லயும் போட்டிருக்கற உச்ச அழுத்தத்தை மட்டும் தாண்ட வேண்டாம். காலைல ஒரு பக்க பீட்டை மட்டும் இறக்கி ட்யூபை உருவி எடுத்துட்டு பாத்தா டேப் பெயின்ட் அடிச்ச மாதிரி படிஞ்சிருக்கும், ஓட்டைங்க வட்டம் வட்டமா அச்சா தெரியும்.

வால்வு ஓட்டை போடுறப்போ டேப்பை பிளேடால கீறாதீங்க, கீறல் நீளவாக்குல ஓடும்னு மேலயே சொன்னேன். கோணி ஊசியை சூடு பண்ணி நடுவுல மட்டும் குத்தி உருக்குங்க, ஓரம் உருண்டு கெட்டியாயிடும், கிழியாது. ஊசி கார்பன்ல படக்கூடாது, குட்டியா குத்திட்டு வால்வை அழுத்தி உள்ள விடுங்க. நட்டை கையால மட்டும் முறுக்குங்க, ப்ளையர் போட்டா வழியில பஞ்சர் ஆகறப்போ கழட்ட முடியாம உக்காந்திருப்பீங்க.

முதல்ல சீலன்ட் இல்லாமயே காத்து அடிச்சு பாருங்க. புது டயர் பக்கவாட்டுல கொஞ்சம் கசியும், அதை சீலன்ட் பாத்துக்கும். நிப்பிள்ல நுரை வந்தா மட்டும் சீலன்ட் ஊத்தாதீங்க, டேப்புக்கு அடியில போனா அது பசையை ஊற வச்சு இன்னும் தூக்கிவிடும். எனக்கு 32 மிமீ டேப் போட்டதுக்கப்புறம் சீலன்ட் இல்லாம 30 பிஎஸ்ஐ அடிச்சு வச்சேன், மறுநாள் காலைல 26 இருந்துச்சு, அந்த நாலும் டயர் பக்கவாட்டுல போனது, நிப்பிள் 28லயும் ஒரு குமிழி கூட இல்ல. அதுக்கப்புறம் டயர் மாத்துறப்போ ஓரத்தை மட்டும் விரலால தடவி பாப்பேன், தூக்காம இருந்தா அப்படியே விட்டுடுவேன்.